ஆக்னஸின் சைக்கிள்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மீட்டர் பார்க்க வருபவர். எங்களுடைய சைக்கிள் என்று ஒன்று அங்கே நின்றதில்லை. என் தாத்தா கண்டோன்மெண்டுக்கு அரிசி, தானியம் சப்ளை செய்யும் காண்ட்ராக்ட் எடுத்து வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்தவர். மாரேட்பள்ளியில் எங்கள் தெருவுக்கு முதல் கார் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அப்பா காலத்தில் கார் போயிற்று. அதற்குப் பிறகும் வாடகை வண்டியில் போனோமே தவிர சைக்கிளில் ஏறவில்லை. நான் பாலாநகர் தொழிற்சாலைக்குக் கடைசி நாள் வரை கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

ஆகவே 2009ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, என் தம்பி மகள் ரக்ஷிதா சாப்பிடும்போது தனக்கு சைக்கிள் வேண்டும் என்று சொன்னதும், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

தம்பி கணேஷ்குமாரும் நாங்களும் ஒரே வீடு. அவன் பட்டான்செருவில் மருந்து ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவன் மனைவி இறந்தபோது ரக்ஷிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் மனைவி சகுந்தலாதான் அவளை வளர்த்தாள். வீட்டு விஷயங்கள் என்னிடம் கேட்டுத்தான் நடக்கும்.

"சைக்கிளா? எதுக்கு?" என்றேன்.

"காலேஜுக்கு, பெரியப்பா. ஸ்டேஷன்ல இருந்து காலேஜுக்கு."

அவளுடைய இன்ஜினியரிங் காலேஜ் கச்சிபௌலிப் பக்கம். செகந்திராபாத்தில் லோக்கல் ரயில் ஏறினால் ஹைடெக் சிட்டி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடந்தால் ஒரு மணி நேரம். பஸ் வந்தால் படியில்கூடக் கால் வைக்க இடம் இருக்காது. ஷேர் ஆட்டோ நிறைய ஓடுகிறது. ஆனால் முன்சீட்டில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் ஏற்றி, பின்னால் முன்பின் தெரியாத ஆண்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்து போகும் வண்டி அது. நம் வீட்டுப் பெண் அதில் ஏறக்கூடாது என்று முதல் வருஷமே சொல்லிவிட்டேன். அவளும் ஏறவில்லை.

"அதனால என்ன இப்போ?"

"முதல் பீரியட் லேப். டெய்லி லேட். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் வந்துடுச்சு. ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு சொல்லிட்டாரு, இன்னும் ஒரு லேப் விட்டாலும் எக்ஸாம் எழுத விடமாட்டாங்களாம். வருஷமே போயிடும். மண்டே மார்னிங் லேப் இருக்கு."

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தவணையில ஒரு ஸ்கூட்டர் போட்டுடலாமாண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

"தவணைக்காரன் வாசல்ல வந்து நிக்கவா?" என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"நக்கோ பெரியப்பா, ஸ்கூட்டர் எல்லாம் வேணாம்" என்றாள் ரக்ஷிதா. "சைக்கிள் ஸ்டேஷன் ஸ்டாண்டுலயே இருக்கும். இங்க கொண்டுவரவே வேணாம். என் சீனியர் ஆக்னஸ் அக்கா கோர்ஸ் முடிச்சுட்டாங்க. சென்னையில வேலை. மண்டே ரூம் காலி பண்றாங்க. அவங்க சைக்கிளை எனக்குக் குடுக்கிறேன்னு சொல்றாங்க. நான் விடக் கத்துக்கிட்டதே அதுலதான்."

இவள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள் என்பதே எனக்குப் புதிய செய்தி. சகுந்தலா குழம்புக் கரண்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னொருத்தர் ஓட்டித் தள்ளின வண்டியா?" என்றேன். "இந்த வீட்டுல யாரும் அடுத்தவர் கழிச்சுப் போட்டதை எடுத்ததில்லை. சைக்கிள்தான்னா சைக்கிள். புதுசா வாங்குவோம். நாளைக்கு நானே வரேன்."

சனிக்கிழமை காலை ராணிகஞ்ச் பக்கம் ஒரு பழைய கடைக்குப் போனோம். கூரையிலிருந்து சைக்கிள்கள் முன்சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சைக்கிள் என்றால் கறுப்பாக ஒன்று இருக்கும், அதைக் காட்டி இது வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான் என்று எண்ணியிருந்தேன்.

கடைக்காரர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, என்ன வேண்டும், கியர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். "க்யா ஹோனா சாப்? லேடீஸ்? ஜென்ட்ஸ்? கியர் ஹோனா, நக்கோ?"

நான் ரக்ஷிதாவைப் பார்த்தேன். அவள் தொங்கும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்கு. நல்லதா ஒண்ணு" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் ஒரு ரோஸ் நிற வண்டியை இறக்கினார். முன்னால் கூடை, கைப்பிடியில் ரிப்பன் குஞ்சம், பின்னால் காரியர், செயினுக்கு மூடி, மணி, பூட்டு எல்லாம் இருந்தன. பார்க்கக் குறைவில்லாமல் இருந்தது. ஒரு வீட்டுப் பெண்ணின் வண்டி என்று சொல்லலாம்.

ரக்ஷிதா ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் கைப்பிடியில் இடித்தது.

"பெரியப்பா, இது எய்த் கிளாஸ் பொண்ணுங்க ஓட்டுறது."

"சீட்டை ஏத்தச் சொல்லு."

"ஏத்தினாலும் அவ்ளோதான். குஞ்சம் பாருங்க! லேப்ல என்னை உள்ள விடமாட்டாங்க, வாசல்லயே சாக்லேட் குடுத்து அனுப்பிடுவாங்க."

கடைக்காரர் சிரித்தார். அடுத்து ஒரு கறுப்பு வண்டியைக் காட்டினார். அதைத்தான் நான் சைக்கிள் என்று அறிவேன். ஆனால் குறுக்கே ஒரு கம்பி இருந்தது, அவளுக்குக் கால் எட்டவில்லை. போதாததற்கு அச்சாக எங்கள் பால்காரருடைய வண்டி. அதன்மேல் என் தம்பி மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குப் பின்னால் இரண்டு பால் கேன்கள் தொங்குவதுபோலவே எனக்குத் தோன்றியது.

"இறங்கு" என்று அவளிடம் சொன்னேன். இறங்கினாள்.

"சாப், பச்சி கா ஹைட் கித்னா?" என்றார் கடைக்காரர். பெண்ணின் உயரம் என்ன என்று கேட்டார். உயரம் எனக்குத் தெரியாது. சைக்கிளுக்கும் சட்டைபோல அளவு இருக்கிறது என்பதும் தெரியாது. அவருக்கு முன்னால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க விரும்பாமல், பிறகு வருகிறோம் என்று கிளம்பிவிட்டேன்.

வெளியே வந்ததும் ரக்ஷிதா, "ஆக்னஸ் அக்காது எனக்குக் கரெக்ட் சைஸ் பெரியப்பா" என்றாள். கடை சரியில்லை, நல்ல கடைக்குப் போனால் நல்லது கிடைக்கும் என்று நினைத்தேன். ஆட்டோ பிடித்து ஜூபிலி ஹில்ஸ் போகச் சொன்னேன். அங்கே கண்ணாடிக் கதவு வைத்த சைக்கிள் ஷோரூம் ஒன்று திறந்திருப்பதைப் பேப்பரில் பார்த்திருந்தேன்.

நகைக்கடைபோல விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே குளிர். ஒவ்வொரு சைக்கிளும் தனித்தனி மேடையில் நின்றது. கழுத்தில் அட்டை தொங்கிய ஓர் இளைஞன் வந்தான். என் சட்டையைப் பார்த்தானோ, நாங்கள் பேசியதைக் கேட்டானோ, தமிழிலேயே பேசினான்.

"வாங்க அங்கிள். யூஸேஜ் என்ன? கம்யூட்டா, ட்ரெயிலா, ஃபிட்னஸா?"

"போகவர" என்றேன்.

"அப்போ ஹைபிரிட் பாருங்க. இருபத்தியொரு கியர்."

"எங்க தாத்தாவோட காருக்கே மூணுதான்பா."

அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவன் காட்டிய வண்டி சாம்பல் நிறத்தில் மெலிதாக இருந்தது. நான் சுற்றி வந்து பார்த்தேன். "ஸ்டாண்ட் எங்கே?"

"ஸ்டாண்ட் வராது அங்கிள். வெயிட்."

"பின்னே எப்படி நிக்கும்?"

"சாய்ச்சு வெக்கணும்."

"காரியர்?"

"வராது. பேக் முதுகுல மாட்டிக்கணும்."

"மழையில சேறு அடிக்குமே, மட்கார்டு?"

"அது ஆக்சஸரி. தனியா வாங்கணும்."

மணியும் இல்லை, பூட்டும் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு ராணிகஞ்ச் கடையில் கூடை, குஞ்சம் உட்பட ஒரு வரிசையையே இறக்கிக்கொண்டு வரலாம். பக்கத்து மேடையில் இருந்ததன் விலைக்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம்; அதற்குப் பெடல்கூட இல்லை. பெடல் எங்கே என்று கேட்டேன்.

"அந்த ரேஞ்சுக்கு மேல போனா பெடல் வராது அங்கிள். ரைடர் அவங்க பிடிச்சதை வாங்கிப் போட்டுக்குவாங்க."

விலை ஏற ஏறச் சாமான் குறைந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் சக்கரமும் இருக்காதுபோல. ஒரு பொருளின் தரத்தை எப்படி அறிவது என்று தொழிற்சாலையில் எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். அங்கே எதைப் பார்த்து எதை முடிவு செய்வது என்று தெரியாமல் நின்றேன். ரக்ஷிதா என் முழங்கையைத் தொட்டாள். "போலாம் பெரியப்பா. இது நமக்கு நக்கோ."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அங்கிள்! நீங்க இங்கயா?"

எதிர்வீட்டு லலிதாம்பாளின் மகன் ஸ்ரீகாந்த். மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. மாதாப்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறான். தலையில் ஹெல்மெட், முழங்கால் தெரியும் இறுக்கமான கால்சட்டை, முகமெல்லாம் வியர்வை. உண்மையைச் சொன்னால், இந்த சைக்கிள் விஷயத்தில் காலையிலிருந்து என் மனசில் நின்றுகொண்டிருந்தவள் லலிதாம்பாள்தான். மாரேட்பள்ளியில் எந்த வீட்டில் என்ன இறங்குகிறது, எந்த வீட்டில் என்ன ஏறுகிறது என்று அவள் ஜன்னலுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. பாலசுப்ரமணியன் வீட்டுப் பெண் சைக்கிளில் போகிறாளாமே என்று என் பெயரைச் சொல்லி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது என்பதற்காகத்தான் புதிய சைக்கிளாவது இருக்கட்டும் என்று நான் அலைந்தேன். அவள் மகனோ ஒரு சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நின்றான்.

"கார் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"கார் வெளியதான் இருக்கு அங்கிள். சைக்கிளை அதுல வெச்சுக்கிட்டு கண்டிப்பேட்டை வரைக்கும் போய், அங்க ஓட்டுவோம். சண்டே எங்க குரூப் போகும். எங்க வைஸ் பிரசிடெண்ட்கூட வருவாரு. ரக்ஷிதா, நீ சைக்கிள் எடுக்கிறியா? சூப்பர்! சண்டே வா!"

"காலேஜுக்கு எடுக்கிறேன் அண்ணா" என்றாள் அவள்.

"டெய்லி கம்யூட்டா? அதுக்கு இங்கயா வந்தீங்க? அங்கிள், புதுசு வேணவே வேணாம். செகண்ட் ஹேண்ட் எடுங்க. ஸ்டேஷன்ல நிக்கிற வண்டி, புதுசா இருந்தா தூக்கிட்டுப் போயிடுவான். என்னோட முதல் சைக்கிளே எங்க டைரக்டர் ஓட்டினதுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எது?"

"அடுத்தவர் ஓட்டினதை வாங்கினது."

"அம்மாதான் அங்கிள் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருக்காங்க, டைரக்டர் சைக்கிள் என் பையன்கிட்ட இருக்குன்னு."

வெளியே வந்தோம். பசி எடுக்கவில்லை. கார் வைத்திருப்பவன் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுகிறான், அது மரியாதை. அடுத்தவர் சைக்கிள் வைத்திருப்பது அதைவிட மரியாதை. அப்படியானால் எங்கள் பால்காரர்? அவர் சைக்கிளுக்கும் இந்த சைக்கிளுக்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் தேடினேன். ரக்ஷிதா கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டில் சகுந்தலா தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்ன வாங்கினீங்க?" என்றாள். ஒன்றும் வாங்கவில்லை என்றேன்.

"அப்ப அந்த ஆக்னஸ் பொண்ணுது?"

"யோசிக்கிறேன்."

ஞாயிறு முழுக்க யோசித்தேன். பழைய பொருளை வாங்கினால் அது கழித்துப் போட்டதுதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு முறைப்படி வந்தால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. தாத்தாவின் வெள்ளிக் கூஜாவே அப்படி ஒரு முதலியார் வீட்டிலிருந்து வந்ததுதான். ஆகவே முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன். சகுந்தலாவைத் தாம்பாளம் எடுக்கச் சொன்னேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் கவரில் பணம்.

"ஸ்டேஷனுக்குத் தாம்பாளமா?" என்றாள் சகுந்தலா.

"முறைன்னா முறை."

திங்கட்கிழமை ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, தாம்பாளம் இருந்ததால் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ரக்ஷிதா என்னைத் தெரியாதவள்போலக் கதவுப் பக்கம் நின்றாள்.

ஹைடெக் சிட்டி ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டருகே ஆக்னஸ் நின்றிருந்தாள். ஒல்லியான, சிரித்த முகம். பக்கத்தில் உயரமாக ஒருவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. தங்கையின் சாமான்களை எடுத்துப்போகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த அண்ணன் ஜேம்ஸ் என்று ரக்ஷிதா அறிமுகப்படுத்தினாள். அவர்கள் நடுவில் அந்த சைக்கிள். நீல நிறம், அங்கங்கே பெயிண்ட் போயிருந்தது. ஸ்டாண்ட் இருந்தது. காரியர் இருந்தது. மட்கார்டு இருந்தது. பெடல் இரண்டும் இருந்தன.

நான் தாம்பாளத்தை நீட்டினேன்.

ஜேம்ஸ் தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். முகம் இறுகியது. "ஐயா, இது என்னதுங்கய்யா? நாங்க ஆர்.சி. கிறிஸ்தவங்க பாத்துக்கிடுங்க. ஆக்னஸுக்கு ஊர்ல பேசி வச்சிருக்கு."

ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, பொண்ணு கேக்க வரல. சைக்கிள் கேக்க வந்திருக்காவ."

"சைக்கிளுக்கா தாம்பாளம்?"

"எங்க வீட்டு முறை" என்றேன். "வெறுங்கையா வாங்கமாட்டோம். கவர்ல உரிய தொகை இருக்கு."

இப்போது அவர் முகம் வேறு விதமாக இறுகியது. "துட்டா? கூடப் படிச்ச புள்ளைக்கு குடுக்கதுக்கு துட்டு வாங்குவாங்களா? எங்க அப்பா காதுக்குப் போச்சுன்னா என்னைய வீட்டுக்குள்ள சேக்கமாட்டாரு. சும்மா எடுத்துட்டுப் போங்கய்யா."

"சும்மா எடுக்கிறதுக்கு நாங்க அப்படிப்பட்டவங்க இல்லை."

"நாங்களும் பழசை விக்கிற ஆளுக இல்ல."

"அப்படின்னா எங்களுக்கு வேண்டாம்."

"அதெப்படி வேண்டாம்பீங்க? ஆக்னஸ் வாக்கு குடுத்திருக்கா. எங்க வீட்டு வாக்கு."

"பெரியப்பா" என்றாள் ரக்ஷிதா. நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை. ஜேம்ஸ் சொல்வதில் தவறில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன். அதனாலேயே என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. தாம்பாளம் எங்கள் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. தேங்காய் உருண்டது. ஸ்டாண்டில் வண்டி விட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "க்யா, மங்னீ ஹை க்யா?" என்று ஒருவன் கேட்டான். இங்கே நிச்சயதார்த்தமா என்று.

"பெரியப்பா, லேப்!" ரக்ஷிதாவின் குரல் உடைந்தது. "இன்னிக்கு விட்டா வருஷம் போயிடும். நீங்க ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கோங்க!"

"இரும்மா, முறை முடியட்டும்" என்றேன். அதே சமயம் ஜேம்ஸும், "பொறும்மா, ஒரு வார்த்தை" என்றார்.

அவள் ஆக்னஸைப் பார்த்தாள். ஆக்னஸ் சாவியை அவள் கையில் வைத்து, "ஏட்டி, போ" என்றாள். அவ்வளவுதான். ரக்ஷிதா துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போட்டாள், ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள், ஏறி மிதித்தாள். ஷேர் ஆட்டோக்களுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து மேட்டில் ஏறினாள். முதுகு நேராக இருந்தது. கார்கள் நகராமல் நின்ற இடத்தில் அவள் ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தாள். வளைவு வரை தெரிந்தாள். அதற்குப் பிறகு தெரியவில்லை.

நானும் ஜேம்ஸும் தாம்பாளத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தபடி நின்றோம்.

"புள்ள போயிட்டா" என்றார் அவர்.

"ஆமாம்" என்றேன்.

"நேரத்துக்குப் போயிருவாளா?"

எனக்குத் தெரியாது. சைக்கிள் எவ்வளவு வேகம் போகும் என்று நான் அறிந்ததில்லை. ஆக்னஸ் போயிடுவா என்றாள். ஆனால் அவளும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று பேரும் ஸ்டேஷன் சுவரோரம் நின்றோம். யாரும் கவரைப் பற்றிப் பேசவில்லை.

என் செல்போன் அடித்தது.

"பெரியப்பா, உள்ள வந்துட்டேன்." மூச்சு வாங்கியது, ரகசியக் குரல். "அட்டெண்டன்ஸ் எடுத்துட்டிருக்காங்க. வெக்கிறேன்."

சொன்னேன். ஜேம்ஸ் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு, மறுக்கக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார். கவரைத் தொடவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவர்களுக்கு ஆட்டோ வந்துவிட்டது.

வாழைப்பழமும் கவரும் மிச்சமிருந்த தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்தேன். சகுந்தலா கதவருகே காத்திருந்தாள்.

"லேபுக்குப் போயிட்டாளா?"

"போயிட்டா. போன் பண்ணினா."

"அப்பாடா. எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலை."

"சும்மாவா வாங்கினீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலை ஒரு முறை பார்த்தாள்.

"இல்லை. வாங்கலை."

"பின்னே எதுல போனா?"

"சைக்கிள்லதான்."

"யார் சைக்கிள்ல?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கால் கழுவப் போனேன். குழாய் திறந்திருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் இன்னொரு முறை அதையே கேட்டாள்.